டேப்பின் மறுமுனை

அந்த ஸ்டேஷனுக்கு ரயில் வருவது நின்று பல வருடங்கள் ஆகிவிட்டன. 'ரயில் வரும்போது தண்டவாளத்தைக் கடக்காதீர்' என்ற பலகை மட்டும் கடமை தவறாமல் நின்றுகொண்டிருந்தது. தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய்விட்ட செய்தியை அதனிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அரை மில்லி அந்தப் பலகையையும் விடாமல் அளந்தார்.

அரை மில்லி என்பது தெரிந்தவர்கள் அவருக்கு வைத்த பெயர். தெரியாதவர்கள் அது ஏதோ குடிக்கிற சமாசாரம் என்று நினைத்து அனுதாபப்படுவார்கள். கட்டடங்களைப் பார்த்து அப்படியே சின்னதாக மரத்திலும் அட்டையிலும் செய்வது அவர் தொழில். ஒரு ஜன்னல் அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டிவிட்டால் அன்று சாப்பிட மாட்டார். வீட்டில் இருப்பவர்களையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்.

அடுத்த வாரம் ஸ்டேஷனை இடிக்கப்போகிறார்கள். புதிய ஸ்டேஷனின் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய ஸ்டேஷனின் மாடல் ஒன்று இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. ஒன்றை இடித்துத் தள்ளிவிட்டு அதன் ஞாபகத்துக்கு விளக்குப் போட்டு வைப்பதில் மேலிடங்களுக்கு எப்போதுமே தனி ஆர்வம் உண்டு.

கூட வந்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு நடக்கத் தெரியும், விழாமல் நடக்கத் தெரியாது. அன்றைக்குப் பிடித்த கையை அவன் அக்கா இன்னும் முழுசாக விடவில்லை. தாடி வைத்த தம்பியைக் கையைப் பிடித்துத்தான் ரோட்டைக் கடப்பாள். அவனும் மறுக்க மாட்டான். அக்காவுக்கு ரோட்டைக் கடக்கப் பயம், நான்தான் கூட்டிப் போகிறேன் என்று பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொள்வான்.

அன்று காலை கிளம்பும்போது வாசலில் நின்று அவள் சொன்னாள்.

"வேலை முடிஞ்சதும் அவனைக் கையோட கூட்டிட்டு வந்துடுங்க. எங்கயாவது விட்டுட்டு வந்துடாதீங்க."

"அவன் என்ன குடையா?"

"குடையையே நீங்க இதுவரைக்கும் ஒழுங்கா திருப்பிக் கொண்டு வந்ததில்லையே."

அளவெடுப்பதில் அரை மில்லிக்கு ஒரே ஒரு சட்டம்தான். நீளமான ஸ்டீல் டேப். அதன் நுனியில் ஒரு வளையம். மச்சினன் வளையத்தைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு "வச்சாச்சு மாமா" என்பான். இவர் மறுமுனையில் டேப்பை இழுத்துப் பிடித்து அளவைப் படித்துக் குறித்துக்கொள்வார். "நகரு" என்றால் அவன் அதே சுவரில் வேறு இடத்துக்கு நகர வேண்டும். அறை முழுக்க முடிந்த பிறகுதான் "விடு" என்பார். அதுவரை விடக் கூடாது. ஒரு முறை அவன் அவசரப்பட்டு விட்டுவிட, டேப் பாம்பு மாதிரி சீறிக்கொண்டு வந்து இவர் புருவத்தைக் கிழித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு அறையிலும் வேலையைத் தொடங்கும் முன் மந்திரம் மாதிரி சொல்லுவார்:

"நான் விடுன்னு சொல்ற வரைக்கும், சுவரே இடிஞ்சாலும் விடாதே."

மத்தியானத்துக்குள் டிக்கெட் கவுண்டர், காத்திருப்பு அறை, பிளாட்பாரத் தூண்கள் எல்லாம் முடிந்தன. மிச்சம் இருந்தது பார்சல் ஆபீஸ்.

அது பிளாட்பாரத்தின் கடைசியில், ரயில் பெட்டி போலவே நீளமாக இருந்தது. ஜன்னல்களுக்குக் குறுக்கே பலகை அடித்திருந்தார்கள். வாசலில் பட்டப்பகல் நின்றது. உள்ளே நாலைந்து எட்டு வைத்தால் மங்கல். அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஈரச் சுண்ணாம்பின் வாடை வந்தது. காய்ந்து உதிர்கிற கட்டடத்தில், இப்போதுதான் பூசிய சுவரின் வாடை.

சட்டத்தைச் சொல்லி மச்சினனை டார்ச்சோடு உள்ளே அனுப்பினார். வளையத்தைப் பிடித்துக்கொண்டு அவன் போனான். டேப் கரகரவென்று உருவிக்கொண்டு போயிற்று. வெளிச்சம் சின்னதாகி, சிமிட்டி, அணைந்தது. அவன் உள்ளிருந்து ஏதோ கத்தினான். பென்சிலைப் பல்லில் கடித்துக்கொண்டு டேப்பின் முறுக்கை நீவிக்கொண்டிருந்த அரை மில்லி அதைக் காதில் வாங்கவில்லை.

"இடது மூலையில வை."

கொஞ்ச நேரம் டேப் தரையில் தளர்ந்து கிடந்தது. பிறகு டேப் விறைத்தது.

"வச்சாச்சுங்க."

மரியாதை பலமாக இருக்கிறதே என்று அவருக்கு உள்ளூர ஒரு திருப்தி. இத்தனை நாள் வளர்ப்பு இப்போதாவது பலன் கொடுக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். அளவைக் குறித்தார். நகரச் சொன்னார். நகர்ந்தது. மச்சினன் என்றால் டேப் ஆடும், தொய்யும், நடுவில் ஒரு பாட்டு வரும். இன்று டேப் கம்பி மாதிரி நின்றது. இப்படி ஒரு பிடியை அவர் தொழிலிலேயே பார்த்ததில்லை. நடுவில், வலது மூலையில், நேர் எதிரில் என்று எங்கே சொன்னாலும் சொன்ன மாத்திரத்தில் அதே பதில், அதே குரல்.

"வச்சாச்சுங்க."

கடைசி அளவும் முடிந்தது. "விடு" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"மாமா, டீ."

குரல் பின்னாலிருந்து வந்தது.

பிளாட்பாரத்தில், வெயிலில், இரண்டு கையிலும் டீயோடு மச்சினன் நின்றுகொண்டிருந்தான். டார்ச் அணைந்துவிட்டது, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய் வாட்ச்மேனிடம் பேட்டரி வாங்கி வருகிறேன் என்று கத்திவிட்டுத்தானே போனேன் என்றான். பேட்டரி இல்லையாம், டீ இருந்ததாம்.

அரை மில்லி கையிலிருந்த டேப்பைப் பார்த்தார்.

அது விறைப்பாகவே இருந்தது.

மச்சினனும் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு, எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"மாமா," என்றான் மெதுவாக. "அந்தப் பக்கம் யாரு?"

உள்ளேயிருந்து டேப்பை யாரோ லேசாகச் சுண்டினார்கள். அடுத்து எங்கே வைக்க வேண்டும் என்று கேட்பது போல.

அவர் டேப்பை அப்படியே போட்டார். இருவரும் ஓடினார்கள். அதை ஓட்டம் என்று பிற்பாடு இருவருமே ஒப்புக்கொள்ளவில்லை.

வாட்ச்மேன் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆள் நுழையக்கூடிய யூனிஃபார்மில் ஒரு ஆளாக இருந்தார். பார்சல் ஆபீஸா என்று கேட்டுவிட்டு, மழை வரும் என்று சொல்கிற குரலில் விஷயத்தைச் சொன்னார். அந்த அறையை நீட்டிக் கட்டிய காலத்தில் ஒரு சர்வேயர் இதே மாதிரி அளக்க வந்தாராம். கூட ஒரு கையாள். விடு என்று சொல்கிற வரை விடாதே என்று அவனிடமும் சொல்லப்பட்டிருந்தது. அளந்துகொண்டிருக்கும்போது கோடிச் சுவர் சரிந்தது. சர்வேயர் ஓடிப் போனவர்தான், திரும்பி வரவேயில்லை. செங்கல்லை எல்லாம் அள்ளிப் பார்த்தார்கள், ஆள் கிடைக்கவில்லை. அவனும் ஓடியிருப்பான் என்று தீர்மானித்து அதே இடத்தில் புதுச்சுவர் எழுப்பிவிட்டார்கள்.

"அவன் எங்க சார் ஓடினான்? விடுன்னு யாரும் சொல்லலையே."

அன்று சாயங்காலம் பட்டறையில் அரை மில்லி எடுத்த அளவுகளை வைத்து வரைபடம் போட்டார். பயந்தவர்கள் வேலை செய்வார்களா என்று கேட்கக் கூடாது. அவருக்குப் பயத்தைக் கழிக்க வேறு வழி தெரியாது. எல்லா அறைகளும் கட்டடத்தின் வெளிப்புற அளவோடு பொருந்தின. பார்சல் ஆபீஸ் மட்டும் பொருந்தவில்லை. அங்கே எடுத்த ஒவ்வொரு அளவும் சரியாக ஒன்றரை அடி கூடுதலாக வந்தது.

கோடிச் சுவரின் கனம் ஒன்றரை அடி.

வளையத்தைச் சுவரில் வைத்துப் பிடிக்கவில்லை. சுவருக்குள் நின்று பிடித்திருக்கிறது.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மச்சினன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அவனுக்கு வழக்கமில்லாத குரலில் சொன்னான்.

"பாவம் மாமா. ஒரே ஒரு வார்த்தைதானே. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

டேப்பும் அங்கேதான் கிடந்தது. நல்ல டேப். இரக்கம், டேப் இரண்டில் எது தன்னைக் கிளப்பியது என்பதை அரை மில்லி அளந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை நல்ல வெயில். டேப்பின் பெட்டி பார்சல் ஆபீஸ் வாசலில், போட்ட இடத்தில் கிடந்தது. டேப் தரையில் தளர்ந்து இருட்டுக்குள் போயிருந்தது. அவர் பெட்டியைக் கையில் எடுத்தார்.

உடனே அது விறைத்தது.

"வச்சாச்சுங்க."

"அவன் விட்டா டேப் சீறிக்கிட்டு வந்துடும் மாமா, நான் போய்ப் பிடிச்சுக்கறேன்." மச்சினன் இரவல் டார்ச்சை அடித்துக்கொண்டு டேப்பின் ஓரமாகவே உள்ளே நடந்தான். வேண்டாம்டா என்று சொல்ல இவர் நினைத்தார். நினைத்தது நிஜம். அதற்குள் அவன் கோடிக்குப் போய்விட்டான்.

"மாமா, டேப் சுவத்துக்குள்ள போகுது. செங்கல் இடுக்குல வளையத்தோட ஓரம் தெரியுது." டார்ச் வெளிச்சம் சுவரை நெருங்கிச் சின்னதாயிற்று. "விரல் மாதிரி ஏதோ இருக்கு. சில்லுன்னு இருக்கு. நான் வளையத்தைப் பிடிச்சுக்கிட்டேன். நீங்க சொல்லுங்க."

அரை மில்லி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேறொருவர் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னார்.

"விடு."

டேப் தொய்ந்தது. அறைக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளிக்காற்றுக்கு வந்தது. டார்ச் வெளிச்சம் தரையில் உருண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றது.

இருட்டிலிருந்து ஒருவன் நடந்து வந்தான்.

காக்கி அரை டிராயர். தலை, புருவம், இமை எல்லாம் செங்கல் தூசி. வேலை முடிந்த ஆள் போல வலது கையை உதறி உதறி விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே வந்தான். வாசலில் அவரைப் பார்த்து ஒரு கணம் நின்றான்.

"வரேங்கய்யா," என்றான். "நேரமாயிடுச்சு."

பிளாட்பாரத்தில் இறங்கிப் போய்விட்டான். அவன் போன வழியெல்லாம் ஈரச் சுண்ணாம்பு மணத்தது.

அரை மில்லி மச்சினனைக் கூப்பிட்டார்.

டேப் மெதுவாக, தரையை விட்டு எழும்பி, விறைத்தது.

"வச்சாச்சு மாமா."

அவர் உள்ளே ஓடினார். டார்ச் கிடந்தது. சுவர் இருந்தது. ஆள் இல்லை. டேப் நேராகப் போய், நகம் நுழையாத ஓர் இடுக்கில் முடிந்தது.

"விடுடா. விடு. நான்தான் சொல்றேன், விடு."

சுவர் யோசித்தது போல் இருந்தது. பிறகு அவன் குரல், செங்கல்லைத் தாண்டி, சின்னதாக வந்தது.

"யார்கிட்ட குடுக்கட்டும் மாமா?"

இடுக்கில் மூன்று விரல் நுனிகள் தெரிந்தன. நடுவிரலில் போன வாரம் பசை பட்டுக் காய்ந்த கறை. விரல்களுக்கு நடுவில் வளையத்தின் ஓரம். எட்டிப் பிடித்தால் போதும், அந்த இடம் கை மாறிவிடும் என்பது அவருக்குப் புரிந்தது. அதை விளக்க யாரும் வேண்டியிருக்கவில்லை.

அவர் கையை நீட்டினார்.

கை பாதி தூரம் போயிற்று. மீதி தூரம் போகவில்லை.

அவர் வாட்ச்மேனைக் கூட்டி வந்தார். வந்தவர் கையில் கடப்பாரை இருந்தது. இப்போது வெளியே போனவர் யார் சார் என்று விசாரித்தார். அந்தக் காக்கி ஆள் மணி என்ன என்று கேட்டாராம், சொன்னதும், அடேயப்பா வீட்டில் தேடுவார்களே என்று ஓடினாராம். கடப்பாரை சுவரில் ஒரே ஒரு அடி விழுந்தது.

"மாமா, வலிக்குது."

வாட்ச்மேன் கடப்பாரையை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த வாரம் மெஷின் வருமே என்று மட்டும் கேட்டில் உட்கார்ந்தபடி சொன்னார். மெஷின் ஒரு அடியோடு நிறுத்தாது.

இருட்டும் முன் அரை மில்லி வீட்டுக்கு வந்தார். மனைவி மூன்று தட்டு எடுத்து வைத்திருந்தாள். அவன் எங்கே என்று கேட்டாள். வரும் வழியெல்லாம் ஜோடித்து வைத்திருந்த பொய் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அவள் மூன்றாவது தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். டேப், காக்கி ஆள், சுவர், விரல், கடப்பாரை, எல்லாம். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். பைத்தியமா என்று கேட்பாள் என்று கொஞ்சம் ஆசையாகவும் எதிர்பார்த்தார்.

அவள் தட்டைத் துடைத்து முடித்தாள்.

"நீங்க ஏன் பிடிக்கல?"

எதைக் கேட்டாலும் அரை மில்லிமீட்டர் சுத்தமாகப் பதில் சொல்கிறவர் அவர். இதற்கு மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

விடிந்தபோது அவள் வீட்டில் இல்லை.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருக்கையில் வாசலில் நிழல் விழுந்தது. தலையிலிருந்து கால் வரை செங்கல் தூசியோடு மச்சினன் நின்றான். வலது கையின் விரல்கள் மடங்கியபடியே இருந்தன. அவனால் அவற்றை நீட்ட முடியவில்லை. சந்தோஷத்தில் அவனைக் கட்டிப்பிடிக்கப் போனவர், அவன் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சுவத்துல கையை வச்சு அக்கா பேசிச்சு மாமா. சின்ன வயசுல பேசற மாதிரி. கையைக் குடுடா, ரோட்டைத் தாண்டிடலாம்னு சொல்லிச்சு." அவன் திரும்பித் தெருவைப் பார்த்தான். "நான் குடுத்துட்டேன். தாண்டிப் பார்த்தா நான் மட்டும்தான் நிக்கறேன். அக்கா எங்க மாமா?"

அன்றைக்கும் அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் மச்சினன் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே நின்றான். ஒரு விரல் தெரியவில்லை, ஒரு வளையம் தெரியவில்லை. அக்கா டேப்பைப் பெட்டியோடு அந்தப் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தம்பியைத் தெரியும். வளையத்தை நீட்டினால் அவன் திரும்பப் பிடித்துவிடுவான். அரை மில்லியும் கூட நின்றார். இப்போது அவர் கையை முழுசாக நீட்டினார். எந்த இடுக்கும் திறக்கவில்லை.

சொன்ன நாளில் மெஷின் வந்தது. இருவரும் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்கள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நாலு பேர் அவர்களை மரியாதையாகத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். பார்சல் ஆபீஸ் கடைசியாக விழுந்தது. கோடிச் சுவர் விழும்போது சத்தம் எதுவும் கேட்கவில்லை. தூசி அடங்கியதும் செங்கல்தான் கிடந்தது. ஸ்டீல் டேப் முழுதாகச் சுருண்டு பெட்டிக்குள் அடங்கி, செங்கல் குவியலின் மேல் யாரோ எடுத்து வைத்தது போல் இருந்தது.

மாடல் இப்போது புதிய ஸ்டேஷனில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பார்க்கிறவர்கள் துல்லியத்தைப் புகழ்கிறார்கள். பார்சல் ஆபீஸ் மட்டும் ஒரு நூலளவு நீளமாக இருக்கிறது. அரை மில்லி அதைத் தெரிந்தேதான் அப்படிச் செய்தார். ஒரு ஆள் நிற்க இடம் வேண்டுமே.

பட்டறையில் அவர் எந்த டேப்பை இழுத்தாலும், அது எங்கேயும் மாட்டும் முன்பே விறைத்துக்கொள்கிறது. சத்தம் கேட்டு மச்சினன் ஓடி வந்து, மடங்கிய விரல்களை நீட்டியபடி நிற்பான். டேப்பின் நுனி அவன் கைக்கு எட்டாமல், சுவரின் பூச்சுக்குள் போய் முடியும். ஈரச் சுண்ணாம்பு வாடை வரும். பிறகு, அடுப்படியிலிருந்து பேசுகிற மாதிரி, பழகிய குரலில்:

"வச்சாச்சுங்க."

இடிந்தபோது வலித்ததா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அளவைப் படிப்பார். குறித்துக்கொள்வார். ஒன்றரை அடியைக் கழிப்பார். மறுமுனையில் அவள் பொறுமையாகக் காத்திருப்பாள்.

"விடு" என்று மட்டும் அவர் இதுவரை சொல்லவில்லை.

சொன்னால், தம்பி சுவருக்குள்ளிருந்து கேட்டதையே அவளும் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும்.